பெட்டியில் 72 வாட்ஸ்... உள்ளே எவ்வளவு? எல்.இ.டி ஸ்ட்ரிப் லைட்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்!

பெட்டியின் மேல் '72 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். திறந்தால், ஐந்து மீட்டர் எல்.இ.டி ஸ்ட்ரிப் ஒரு சுருள், கூடவே ஒரு கறுப்பு அடாப்டர். அந்த அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். மலிவு விலை செட்கள் பலவற்றில் '12 வோல்ட், 2 ஆம்பியர்' என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 24 வாட்ஸ்தான் வருகிறது. 24 வாட்ஸ் தரும் அடாப்டரில் 72 வாட்ஸ் விளக்கு எப்படி எரியும்?

எரியாது. ஒன்று, பெட்டியில் இருக்கும் எண் மிகையானது. இல்லையென்றால், அடாப்டர் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. முதலாவது என்றால் நஷ்டம் காசோடு போகும். இரண்டாவது என்றால், டி.வி யூனிட்டுக்குப் பின்னாலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளேயோ ஒரு பொருள் யார் கண்ணிலும் படாமல் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொலுப்படி, பூஜை அலமாரி, சமையல் மேடை, பிள்ளைகளின் படிப்பு மேசை என்று ஸ்ட்ரிப் லைட் நுழையாத இடமே இல்லை. ஒட்டிவிட்டால் அதன்பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால், ஒட்டுவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சோதித்துவிடுவது நல்லது. இதற்கு லேப் எல்லாம் தேவையில்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல், செல்போன், கொஞ்சம் குங்குமம், வீட்டு ஈ.பி மீட்டர்... இவை போதும்.

முதலில், இது எந்த ஸ்ட்ரிப்?

எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன.

முதல் வகை, அடாப்டரோடு வருவது. மெல்லிய நாடா போல இருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 24 வோல்ட். டி.வி-யின் யு.எஸ்.பி துளையில் செருகுவது 5 வோல்ட். நாடாவிலேயே வோல்ட் அளவும் பிளஸ், மைனஸ் குறிகளும் அச்சாகியிருக்கும். சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை கத்தரிக்கோல் படத்தோடு வெட்டுக்கோடு இருக்கும்.

இரண்டாவது வகை, அடாப்டர் இல்லாமல் நேராக பிளக் பாயின்ட்டில் செருகுவது. கட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். ஒயரின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி மட்டும் இருக்கும். அது மின்சாரத்தை ஏ.சி-யிலிருந்து டி.சி-யாக மாற்றுமே தவிர, வோல்ட்டைக் குறைக்காது. கல்யாண மண்டபங்களிலும் வீட்டு முகப்புகளிலும் சரம் சரமாகத் தொங்குவது இதுதான். இதன் உள்ளே ஓடுவது 230 வோல்ட். உயிரைப் பறிக்கும் அளவு.

இங்கே சொல்லப்படும் மல்டிமீட்டர், சூடு சோதனைகள் முதல் வகைக்கு மட்டும்தான். 230 வோல்ட் ஸ்ட்ரிப்பைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கடைசி முனையில் மூடி இறுக்கமாக இருக்கிறதா, உறையில் வெடிப்போ கீறலோ இருக்கிறதா, பிளக் ஆடுகிறதா என்பதைக்கூட இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதை வெட்டுவதும் இணைப்பதும் எலெக்ட்ரீஷியன் வேலை. வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லையென்றால், குழந்தைகள் கை எட்டும் இடத்தில் இந்த வகையைப் போடாதீர்கள்.

ஸ்கேல் சொல்லும் ரகசியம்

சுருளை முழுவதும் பிரித்து, டைல்ஸ் தரையில் நீளமாகப் போடுங்கள். இதில் சோம்பல் கூடாது. சுருட்டியபடியே எரியவிட்டால், ஒவ்வோர் அடுக்கின் சூடும் அடுத்த அடுக்கில் ஏறி, நாடாவின் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். எரிகிறதா என்று பார்க்க, சுருளோடு சில விநாடிகள் போட்டு அணைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கட்டில் மெத்தை மேல் போட்டுச் சோதிப்பதும் தவறு.

இப்போது ஸ்கேலை வைத்து ஒரு எல்.இ.டி-யை அளந்து பாருங்கள். பெட்டியில் இருக்கும் '5050', '3528' என்ற எண்கள் அதன் அளவைத்தான் குறிக்கின்றன. 5050 என்றால் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர், சதுரம். 3528 என்றால் 3.5-க்கு 2.8 மில்லிமீட்டர், சிறிய செவ்வகம். மீட்டருக்கு 60 எல்.இ.டி உள்ள 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில், 5050 வகை மீட்டருக்கு 14.4 வாட்ஸ் வரை இழுக்கும். ஐந்து மீட்டருக்கு 72 வாட்ஸ். அதே எண்ணிக்கையில் 3528 வகை இழுப்பது மீட்டருக்கு 4.8 வாட்ஸ்தான். ஐந்து மீட்டருக்கு 24 வாட்ஸ். பெட்டியில் 5050-ன் கணக்கு, உள்ளே 3528 சரக்கு என்றால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு மீட்டரில் எத்தனை எல்.இ.டி என்றும் எண்ணிப் பாருங்கள். 60 என்று சொல்லி 54 இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டியதுதான்.

எரியவிட்டு, நாடா முழுவதையும் ஒருமுறை பாருங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.இ.டி-கள் ஒரு குழு. குழுவில் ஒன்று பழுதானாலும் மூன்றும் அணைந்துவிடும். அடுத்தடுத்து மூன்று மட்டும் இருட்டாக இருந்தால் காரணம் இதுதான். குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு மொத்தமும் இருட்டு என்றால், அங்கே சால்டரிங் விட்டிருக்கிறது. இரண்டுமே கடைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய சரக்கு.

முதல் முனைக்கும் கடைசி முனைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

மல்டிமீட்டரின் திருகியை டி.சி 20 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். ஸ்ட்ரிப் எரிந்துகொண்டிருக்கும்போது, அடாப்டர் இணையும் முனையில் உள்ள பிளஸ், மைனஸ் செம்புப் புள்ளிகளில் இரண்டு ஊசிகளையும் வையுங்கள். ஊசிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசி முனையிலும் அதேபோல அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, முதல் முனையில் 11.9, கடைசி முனையில் 10.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிட்டது. நாடாவில் உள்ள செம்புப் பட்டை மெல்லியதாக இருந்தால் இப்படித்தான் ஆகும். நீளமான தோட்டத்துக் குழாயில் கடைசித் துளையில் தண்ணீர் சொட்டுவதைப் போலத்தான்.

கேட்பதற்கு 1.4 வோல்ட் சின்ன விஷயம். ஆனால், மூன்று வெள்ளை எல்.இ.டி-கள் எரியவே சுமார் 9 வோல்ட் வேண்டும். மீதி 3 வோல்ட்தான் அந்தக் குழுவில் உள்ள ரெசிஸ்டருக்கு. எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதை அந்த மீதிதான் முடிவு செய்கிறது. 10.5 வோல்ட் வரும் இடத்தில் மீதி ஒன்றரை வோல்ட்தான். அங்கே கரன்ட் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. இரண்டு வோல்ட்டை நெருங்கினால், ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல் என்பது கண்ணுக்கே தெரியும்.

நிறம் மாறும் ஸ்ட்ரிப் என்றால் இன்னும் சுலபம். வெள்ளை நிறத்தை வைத்துவிட்டுக் கடைசி முனையைப் பாருங்கள். அங்கே வெள்ளையில் சிவப்பு ஏறியிருந்தால் வோல்ட் குறைகிறது என்று புரிந்துகொள்ளலாம். பச்சை, நீல எல்.இ.டி-களுக்கு சிவப்பைவிட அதிக வோல்ட் தேவை. பற்றாக்குறை வந்தால் முதலில் சோர்ந்துபோவது அவைதான்.

முதல் முனையிலேயே 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், பழி ஸ்ட்ரிப் மீது அல்ல. அடாப்டரால் சுமையைத் தாங்க முடியவில்லை.

ஈ.பி மீட்டரே வாட்ஸ் சொல்லும்

உண்மையில் எத்தனை வாட்ஸ் இழுக்கிறது? இதற்குக் காசு செலவில்லாத கருவி ஏற்கெனவே வாசலில் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும்.

வீட்டில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை உட்பட எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரிப் மட்டும் எரியட்டும். ஒருவர் மீட்டரின் அருகில் நின்று, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பார்க்க வேண்டும். மீட்டரைத் தொட வேண்டியதே இல்லை, தொடவும் கூடாது.

கணக்கு இதுதான். 36,00,000-ஐ மீட்டரில் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். வரும் விடையை விநாடிகளால் வகுத்தால் வாட்ஸ். 3200 என்றால், முதல் விடை 1125. இரண்டு மின்னல்களுக்கு இடையே 45 விநாடி ஆனால், 1125-ஐ 45-ஆல் வகுக்க, 25 வாட்ஸ். நான்கைந்து மின்னல்களுக்குச் சேர்த்து நேரம் பார்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு இன்னும் துல்லியமாக வரும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம். வகுத்தல் கணக்கு எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடும்.

இந்த 25 வாட்ஸில், அடாப்டர் தானே சூடாக வீணடிக்கும் பங்கும் அடக்கம். அதனால் ஸ்ட்ரிப்புக்குப் போவது இன்னும் சில வாட்ஸ் குறைவாகவே இருக்கும். ஆக, 72 வாட்ஸ் என்ற பெட்டியில் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மல்டிமீட்டரிலேயே ஆம்பியர் அளக்கவும் வழி உண்டு. ஆனால், அதற்கு ஊசியை வேறு துளைக்கு மாற்றி, மீட்டரை ஒயரின் நடுவில் கோக்க வேண்டும். அந்த நிலையில் தவறிப்போய் பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஊசிகளை வைத்துவிட்டால் மீட்டர் புகைந்துவிடும். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஈ.பி மீட்டர் கணக்கே பாதுகாப்பு.

அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்

ஸ்ட்ரிப்பை அரை மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, உடனே மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். அடாப்டரின் முதுகு, ஸ்ட்ரிப்பின் முதல் அரை மீட்டர், ஒயர் இணையும் இடம்.

வெதுவெதுப்பு என்றால் கவலையில்லை. சுடச்சுட காபி டம்ளரைப் பிடித்ததுபோலக் கை தானாக விலகினால் அந்த இடத்தில் பிரச்னை. அடாப்டர் அப்படிச் சுட்டால் சுமை அதிகம். இணைப்பு மட்டும் சுட்டால், அங்கே ஒயரும் செம்பும் சரியாகக் கவ்வவில்லை. அழுத்திப் பூட்டும் கிளிப் கனெக்டர்களிலும், வெறும் முறுக்கிவிட்ட ஒயர்களிலும் இது அடிக்கடி நடக்கும். மூன்றில் அதிக ஆபத்தானது இதுதான். தளர்ந்த இணைப்பின் சூடு நாளாக ஆக ஏறிக்கொண்டே போகும்.

நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இதற்கு எடுக்க வேண்டாம். உடல் சூட்டைத் தாண்டிய அளவுகளை அது சரியாகக் காட்டாது. 'பொருளின் சூடு' பார்க்கும் வசதி அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

டைல்ஸ் தரையில் பரப்பி வைத்தபோதே கை விலகும் அளவு சுட்டால், பிளைவுட்டில் ஒட்டிய பிறகு இன்னும் சுடும். கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் தெர்மகோல், கிரேப் பேப்பர், பட்டுத்துணி மேல் ஸ்ட்ரிப்பைச் சுற்றுவது வழக்கம். மூன்றும் தீப்பிடிக்கக் கூடியவை. சூடு சோதனையில் தேறாத ஸ்ட்ரிப்பை அவற்றின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது.

குங்குமம், கறிவேப்பிலை, தக்காளி

பளிச்சென்று எரியும் விளக்கெல்லாம் நல்ல விளக்கு அல்ல. பொருள்களின் நிறத்தை அது உள்ளபடி காட்டுகிறதா என்பதும் முக்கியம். இதை சி.ஆர்.ஐ என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். முழு மதிப்பெண் 100. வீட்டுக்கு 80 போதும், சமையலறைக்கும் கண்ணாடி மேசைக்கும் 90 இருந்தால் சிறப்பு. பெட்டியில் 90 என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ஒரு வெள்ளைத் தட்டில் குங்குமம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, ஒரு தக்காளி வைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பாருங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஸ்ட்ரிப் வெளிச்சத்தில் மட்டும் அதே தட்டைப் பாருங்கள். தரம் குறைந்த எல்.இ.டி முதலில் கோட்டை விடுவது சிவப்பில்தான். குங்குமம் பழுப்படித்து, தக்காளி சோர்ந்துபோய், உங்கள் உள்ளங்கையே வெளிறித் தெரிந்தால் மதிப்பெண் குறைவு. சமையல் மேடைக்கு மேலே இந்த விளக்கைப் போட்டால், மீனும் கறியும் கெட்டுவிட்டனவா இல்லையா என்று கண் தடுமாறும்.

3000 கெல்வின் விளக்கில் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகவும், 6500 கெல்வினில் கொஞ்சம் நீலமாகவும் தெரிவது இயல்பு. அது குறையல்ல. நிறங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதே கேள்வி.

பென்சிலை ஆட்டினால் தெரியும் துடிப்பு

சில விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். 230 வோல்ட் ஸ்ட்ரிப்புகளில் விநாடிக்கு 100 முறை துடிப்பது சகஜம். ரிமோட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்புகளிலும், குறைக்கும்போது துடிப்பு வரும். இந்த வெளிச்சத்தில் நெடுநேரம் படித்தால் சிலருக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் வரலாம்.

இருட்டறையில், ஸ்ட்ரிப் வெளிச்சத்தில் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். மங்கலான ஒரே விசிறியாகத் தெரிந்தால் துடிப்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. ஐந்தாறு பென்சில்கள் தனித்தனியாக நிற்பதுபோலத் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தாலும் பார்க்கலாம். முழு வெளிச்சத்தில் ஒருமுறை, குறைத்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். துடிக்கும் விளக்கு அலங்காரத்துக்கு இருக்கட்டும், படிப்பு மேசைக்கு வேண்டாம்.

50,000 மணி நேரம் உழைக்குமா?

இதை மட்டும் வீட்டில் சோதிக்க முடியாது. 50,000 மணி நேரம் என்பது இரவு பகல் விடாமல் எரிந்தால் ஐந்தே முக்கால் ஆண்டு. எந்தக் கம்பெனியும் அவ்வளவு நாள் எரியவிட்டுப் பார்த்த பிறகு விற்பதில்லை. எல்.இ.டி-களுக்கான எல்.எம்-80 என்ற சோதனை முறை கேட்பது குறைந்தது 6,000 மணி நேரம். அதை வைத்து, அதிகபட்சம் ஆறு மடங்கு வரைதான் ஆயுளைக் கணித்துச் சொல்லலாம் என்பது வரையறை. அந்த ஆயுளும் விளக்கு அணையும் வரை என்று பொருள்படாது. பொதுவாக, வெளிச்சம் 70 சதவிகிதமாகக் குறையும் வரைக்குமான கணக்கு. சோதனை எதையும் குறிப்பிடாத பெட்டியில் 50,000 என்றிருந்தால் அது வெறும் அச்சு மட்டுமே.

தேறவில்லை என்றால்?

* ஒரு முனை மங்கல் என்றால், அடாப்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து ஸ்ட்ரிப்பின் இரண்டு முனைகளிலும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் கொடுத்தால் வெளிச்சம் சமமாகும்.

* அடாப்டர் சுட்டால் பெரிய அடாப்டர் வாங்குங்கள். வோல்ட் அதே 12-ஆக இருக்க வேண்டும், ஆம்பியர் மட்டும் கூடலாம். அடாப்டரின் அளவில் 80 சதவிகிதத்துக்கு மேல் சுமை ஏற்றாமல் இருப்பது நல்ல வழக்கம். 2 ஆம்பியர் என்றால் 1.6 வரை.

* அடாப்டரில் பி.ஐ.எஸ் பதிவுக் குறி இருக்கிறதா பாருங்கள். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

* ஸ்ட்ரிப் சுட்டால், அலுமினியச் சேனலில் ஒட்டுங்கள். சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ளும்.

* ஸிங்க் அருகிலும் பால்கனியிலும் ஐ.பி 65 அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்ட்ரிப்தான் போட வேண்டும். அதையும் வெட்டிவிட்டால், வெட்டிய முனையை சிலிக்கான் வைத்து அடைக்காதவரை தண்ணீர் உள்ளே போகும்.

* அடாப்டரை ஃபால்ஸ் சீலிங்குக்குள் புதைக்க வேண்டாம். கையெட்டும் இடத்தில், காற்றோட்டமாக இருக்கட்டும்.

அளந்த எண்கள் கையில் இருந்தால் கடையில் பேசுவதும் சுலபம். 'வெளிச்சம் பத்தலை' என்றால், 'வயரிங் கோளாறா இருக்கும்' என்று அனுப்பிவிடுவார்கள். 'முதல் முனையில் 11.9, கடைசியில் 10.5, மொத்தமே 25 வாட்ஸ்தான் இழுக்குது' என்றால், வேறு ரோல் எடுத்துக் கொடுப்பதைத் தவிர அவர்களுக்கும் வழியிருக்காது.

எல்லாம் தேறிய பிறகு, ஒரு சின்னக் காகிதத்தில் தேதியையும் இரண்டு முனைகளின் வோல்ட்டையும் எழுதி, அடாப்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்த வருஷம் வீட்டை ஒட்டடை அடிக்கும்போது மறுபடியும் அளந்து, அதே காகிதத்தில் எழுதுங்கள். கடைசி முனையின் எண் நன்றாக இறங்கியிருந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்கிறது என்று பொருள். சுடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடலாம்.